பிரேக்குக்குத் தனிக் காசா?

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் அது நிற்பதிலும் கெட்டிக்காரனாகத்தான் இருக்கும் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். சேற்றையும் மேட்டையும் பாராமல் துரையின் லேண்ட்ரோவர் ஏறிப் போனதைப் பார்த்துப் பார்த்து வந்த மரியாதை அது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். பிரேக்கை மிதித்தால் எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களும்தான் பிடிக்கின்றன. போர்வீல் வண்டி புறப்படவும் ஏறவும் உதவுமே தவிர, நிற்பதற்கு அதனிடம் தனி வித்தை ஏதுமில்லை. போதாக்குறைக்கு உயரம் வேறு. பக்கவாட்டில் சறுக்கினால் கவிழ்ந்துவிடும் அபாயமும் அதற்குத்தான் அதிகம்.

இந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் எழுந்ததற்குக் காரணம் என் தங்கை கணவர். சுங்கைவேயில் குடியிருக்கிறார், புல் வெட்டும் குத்தகை வேலை. பழைய வேன் படுத்துவிட்டதால், இரண்டாங்கை பிக்கப் ஒன்று வாங்கப் புறப்பட்டார். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருந்தார். இரண்டும் போர்வீல், ஏறக்குறைய ஒரே வயது. ஒன்றில் ஏ.பி.எஸ். உண்டு, அதற்கு விலை 2,000 வெள்ளி கூடுதல்.

"மச்சான், பிரேக்குன்னு ஒன்னு இருக்குது. அதுக்கு மேல இன்னொரு பிரேக்குக்கு எதுக்குத் தனிக் காசு?" என்றார் அவர்.

தங்கையோ, "அண்ணே, அந்த ரெண்டாயிரம் பெரியவ காலேஜுக்கு எடுத்து வெச்சது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

முதலில் அது இன்னொரு பிரேக் அல்ல. இருக்கிற பிரேக்குக்கு ஒரு கங்காணி, அவ்வளவுதான். ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் ஓர் உணர்கருவி கவனிக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளப் பார்த்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்து, மறுபடி கூட்டுகிறது. ஒரு நொடியில் பல முறை இது நடக்கும். மனிதக் காலால் ஆகாத காரியம். பூட்டிய சக்கரம் திரும்பாது, வழுக்கத்தான் செய்யும். உருளும் சக்கரம் ஸ்டீரிங் சொன்னபடி கேட்கும். முன்னால் நிற்கும் லாரியை மிதித்து நிறுத்த முடியாவிட்டாலும் ஒதுங்கிப் போக முடியும். கூடுதல் பணம் இதற்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நான்கு சக்கர இழுவையையும் இந்தப் பூட்டாத பிரேக்கையும் சேர்த்து முதன்முதலில் விற்பனைக்கு வந்த சாலைக் கார் ஒன்றேதான்: 1966-இல் இங்கிலாந்தில் வந்த ஜென்சன் எப்.எப். ஆகாய விமானத்துக்குச் செய்த கருவியைக் காருக்கு மாற்றியிருந்தார்கள். இன்று நாம் காணும் மின்னணு வகை 1978-இல் மெர்சிடிசில் வந்தது. ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. நம் நாட்டிலும் பல ஆண்டுகள், ஒரே காரில் விலை கூடிய ரகத்துக்கு ஏ.பி.எஸ்., மலிவு ரகத்துக்கு வெறும் பிரேக் என்றுதான் விற்றார்கள். உயிரிலும் மலிவு ரகம் உண்டு போலும்!

மைத்துனரிடம் ஒரு நியாயமான வாதம் இருந்தது. தோட்டத்துச் செம்மண் பாதையில், சரளைக் கல்லில், ஏ.பி.எஸ். வண்டி சற்றுத் தள்ளித்தான் நிற்கும் என்றார். உண்மைதான். பூட்டிய சக்கரம் கல்லையும் மண்ணையும் முன்னால் குவித்துக்கொண்டு அதிலேயே முட்டுக் கொடுத்து நிற்கும். ஏ.பி.எஸ். சக்கரத்தை உருள விடுவதால் அந்த மண்மேடு சேர்வதில்லை. செங்குத்தான இறக்கத்தில் சிறிய கியரில் என்ஜினைக் கொண்டு இறங்குவதுதான் அங்கே சரியான முறை. நாளெல்லாம் செம்பனைக் காட்டுக்குள்ளேயே இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி என்றால் 2,000 வெள்ளியைத் தங்கையிடமே கொடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் வண்டி ஓடும் வழி என்ன? சுங்கைவே இன்று ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அல்ல. 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்த பிறகு தொழிற்சாலையும் நெடுஞ்சாலையுமாக மாறிவிட்ட இடம். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளான், பிறகு பந்திங், கடைசியில்தான் தோட்டத்துப் பாதை. செம்மண்ணில் அரை மணி என்றால் தார்ச்சாலையில் இரண்டு மணி. மாலையில் திரும்பும்போது மழை. இயந்திரங்களை இறக்கிவிட்ட காலிப் பிக்கப்புக்குப் பின்பக்கம் எடை கிடையாது. ஈரத்தில் அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி, வால் ஒரு சுற்றுச் சுற்றும். இதற்காகவே அமெரிக்காவில் 1980களில் பல பிக்கப்களுக்குப் பின் சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். வைத்தார்கள்.

மந்திரம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்ச் சேதமில்லாத விபத்துகள் கார்களில் 6 விழுக்காடும், பிக்கப், வேன் வகைகளில் 8 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டார்கள். உயிர்ப்பலி விபத்துகளிலோ மொத்தத்தில் ஏறக்குறைய மாற்றமில்லை. பாதசாரிகள் அடிபடுவது குறைந்தது. வண்டி சாலையை விட்டு ஓடுவது கூடியது. ஆகவே 8 விழுக்காடு. அதற்கு மேல் கனவு வேண்டாம். 9 ஆண்டுத் தவணையில் போட்டால் 2,000 வெள்ளி, வட்டியோடு மாதம் சுமார் 25 வெள்ளி. ஒரு முறை முன் வண்டியில் மோதினால் ஆகும் பழுதுச் செலவும், வேலையில்லாத நாட்களும் அதைவிடப் பெரியவை. பிறகு பொருத்திக் கொள்ளலாம் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய சங்கதி.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். முன் சக்கரம் பூட்டினால் கார் வழுக்கும். மோட்டார் சைக்கிளோ விழுந்தே விடும். 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புதிய ரகங்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்று அரசு 2025 ஜனவரியை நாளாகக் குறித்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டும் சிறிய கப்சாய் அதில் அடங்காது. ஒரு வீட்டில் ஒரே ஒரு ஏ.பி.எஸ்.ஸுக்குத்தான் பணம் உண்டென்றால், பிக்கப்புக்கு முன்னால் மகனின் மோட்டார் சைக்கிளுக்கே என் ஓட்டு.

பணத்தைத் தவணையில் சேர்க்கலாம், காலேஜ் பணம் தொட வேண்டாம் என்று ஏற்பாடாயிற்று. சனிக்கிழமை நானும் உடன் போனேன். சாவியைத் திருகியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் கருவி பழுதாகி, யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். அந்த விலை கூடிய வண்டியில் விளக்கு எரியவே இல்லை. கடைக்காரர், "பல்புதான் போயிருக்கும்" என்றார். "போட்டுக் காட்டுங்கள்" என்றேன். போட்டதும் எரிந்தது, அணையவில்லை. சக்கரத்து உணர்கருவி ஒன்று போயிருந்தது. அதை மாற்றிக் கொடுத்த பிறகே முன்பணம் கட்டினோம்.

வழியில் ஒரு காலித் திடலில் மைத்துனரை ஒரு முறை முழுப் பலத்தோடு மிதிக்கச் சொன்னேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது. பயந்து காலை எடுத்துவிட்டார். "எடுக்கக் கூடாது மச்சான், அழுத்திப் பிடிச்சுக்கிட்டே திருப்புங்க" என்றேன். நான்காம் முறைதான் சரியாக வந்தது. தங்கை டயர்களைப் பார்த்துவிட்டு, பின்னால் இரண்டும் மொட்டையாக இருக்கிறதே என்றாள். அதற்கான பேரம் இன்னும் முடியவில்லை.