சத்தம் போடும் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு கிழமையாக ஒரு வீடியோத் துண்டு நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹிஜாப் அணிந்த மூன்று இளம் பெண்கள். ஒருத்தி கிட்டாரை வைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடுகிறாள். இன்னொருத்தி பேஸ் கிட்டார். மூன்றாமவள் ட்ரம்ஸைப் போட்டு வெளுக்கிறாள். "கியாமத்தின் அடையாளம்" என்று ஒருவர் எழுதி அனுப்ப, அதையே மற்றவர்களும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காசு கொடுத்து ஆட்டுவிக்கிறான் என்று எழுதியவரும் உண்டு. இந்தப் பிள்ளைகள் யார், எந்த ஊர் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நாம் இவர்களைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறோம். இசைப் பைத்தியத்தால் அல்ல. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தம் எமக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. இவர்களுடைய கதை ஒரு பாடசாலையில், ஓர் ஆசிரியரின் கையில் தொடங்குகிறது. அதனால்தான் விடமுடியவில்லை.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காருத் என்றொரு மாவட்டம். அங்கே சிங்காஜயா என்ற மலைப்பாங்கான விவசாயக் கிராமம். அந்தப் பகுதி மக்கள் பேசுவது சுண்டா மொழி. 2014இல் அங்குள்ள ஒரு மத்ரஸாவில் இந்த மூவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மத்ரஸா என்றதும் நம் ஊர் ஹிப்ழு மத்ரஸாவை நினைக்க வேண்டாம். அங்கே அது அரச பாடத்திட்டமும் மார்க்கக் கல்வியும் சேர்ந்த பாடசாலை, ஏறக்குறைய நமது முஸ்லிம் பாடசாலை மாதிரி. பதின்மூன்று, பதினான்கு வயது. அடங்காத பிள்ளைகள், எதற்கும் கேள்வி கேட்கிற பிள்ளைகள் என்று பெயர் எடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களை எங்கே அனுப்புவார்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம்தான்.

அந்த ஆசிரியரை எல்லோரும் அபாஹ் எர்ஸா என்று அழைத்தார்கள். அபாஹ் என்றால் அந்தப் பக்கத்தில் வாப்பா மாதிரி ஒரு சொல். முதலில் நாடகம்தான் பழக்கினார். பிறகு அவருடைய மடிக்கணினியில் கிடந்த பாட்டுகளைப் பிள்ளைகள் கேட்டார்கள். அமெரிக்காவின் சிஸ்டம் ஒஃப் அ டவுன் என்ற குழுவின் பாட்டுகள். அதைக் கேட்டதும் இதுதான் எங்கள் சத்தம் என்று பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். வாத்தியம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டார்கள்.

குழுவுக்கு வைத்த பெயர் வொய்ஸ் ஒஃப் பாச்சேப்ரோத். பாச்சேப்ரோத் சுண்டா மொழிச் சொல். சத்தமாக, சளசளவென்று, கேட்பவருக்கு எரிச்சல் வரும்படி பேசிக்கொண்டிருப்பது என்று பொருள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் வாயாடி. பாடுபவள் ஃபிர்தா மார்ஸ்யா குர்னியா, பேஸ் வாசிப்பவள் விதி ரஹ்மவாத்தி, ட்ரம்ஸ் ஏவிஸ் சித்தி ஆயிஷா.

இங்கே ஒரு விளக்கம். இவர்கள் வாசிப்பது பெரும்பாலும் மெட்டல் வகை என்றுதான் சொல்வார்கள். ஆனால் குணம் பங்க் குணம். பங்க் இசை 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது. முறையாகச் சங்கீதம் படிக்கத் தேவையில்லை, விலை உயர்ந்த கருவி தேவையில்லை, சொல்ல ஒன்று இருந்தால் மூன்று ஸ்வரக்கோர்வையோடு மேடை ஏறலாம் என்பதுதான் அதன் கொள்கை. 1976இல் லண்டனில் த ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழு தொடங்கியபோது அதன் பாடகிக்கு வயது 14. 1990இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் பிகினி கில் என்ற குழு வந்தது. பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் குழுவின் பாடகி, கூட்டத்தில் தள்ளுமுள்ளுப்பட்டுப் பின்னால் நிற்கும் பெண் பிள்ளைகளை மேடைக்கு முன்னால் வரச் சொல்வார். 2021இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வீ ஆர் லேடி பார்ட்ஸ் என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. முஸ்லிம் பெண்கள் மட்டுமே சேர்ந்த ஒரு பங்க் குழுவைப் பற்றியது. அது கற்பனை. சிங்காஜயாப் பிள்ளைகள் அதற்கு ஏழு வருடம் முன்னாலேயே நிஜமாகத் தொடங்கிவிட்டார்கள்.

எதிர்ப்பு வந்ததா? வராமல் இருக்குமா. வீட்டிலேயே முதலில் சம்மதம் இல்லை. விவசாயக் குடும்பங்கள், ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மிரட்டல் அழைப்புகள் வந்தன, கொலை மிரட்டலும் வந்தது. குழுவைக் கலைக்கச் சொல்லி ஆசிரியருக்கும் அழைப்புகள். இந்தோனேசியா பெரிய நாடு, எல்லா இடமும் ஒன்றல்ல. அதே நாட்டின் ஆச்சே மாகாணத்தில் 2011 டிசம்பரில் ஒரு பங்க் இசை நிகழ்ச்சிக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்து, தலையை மொட்டையடித்து, குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டினார்கள். இன்னொரு பக்கம் அதே நாட்டில் தொழுகையும் பங்க் இசையும் சேர்ந்தே நடக்கும் இளைஞர் குழுக்களும் உண்டு.

பிள்ளைகள் விடவில்லை. 2018இல் வந்த ஸ்கூல் ரெவலூஷன் என்ற பாட்டு பாடசாலையைப் பற்றியது. பிள்ளைகளை ஒரே அச்சில் வார்த்து, அவர்களுடைய கனவுகளைக் கழற்றி வைக்கச் சொல்லும் கல்வி முறையைத்தான் திட்டுகிறார்கள். ஆசிரியராக இருந்துகொண்டு அதைக் கேட்பது சுகமான அனுபவம் இல்லை. கலாசாலையில் எமக்குப் பிள்ளை மையக் கற்பித்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவைத்தார்கள். அந்தக் கொப்பிகள் இப்போதும் அலுமாரியில் இருக்கின்றன. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தால்தான் தெரியும், அமைதியாக இருக்கும் பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று எமக்கு எவ்வளவு சீக்கிரம் தோன்றிவிடுகிறது என்று.

2021 கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனார்கள். நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து. 2022இல் ஜேர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தார்கள். உலகத்தின் பெரிய மெட்டல் விழாக்களில் ஒன்று அது. 2023இல் ரெதாஸ் என்ற முதல் இசைத்தொகுப்பு, அதே வருடம் அமெரிக்கப் பயணம். 2024 ஜூன் 28 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா. 1970இல் தொடங்கிய அந்த விழாவில் இந்தோனேசியாவிலிருந்து மேடையேறிய முதல் குழு இவர்கள்தான். எல்லா இடத்திலும் ஹிஜாபோடு. வெளிநாட்டு நிருபர்கள் பாட்டை விட்டுவிட்டு ஹிஜாபைப் பற்றியே கேட்டதில் இவர்களுக்கு அலுப்பு. நமது ஊரில் ஹிஜாப் போட்டுக்கொண்டு இப்படியா என்று கேட்கிறார்கள், அங்கே இப்படிப் பாடிக்கொண்டு ஹிஜாபா என்று கேட்கிறார்கள். பிள்ளை என்ன பாடுகிறாள் என்று கேட்க இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை.

என்ன பாடுகிறார்கள்? 2022இல் வந்த இரண்டு பாட்டுகளை மட்டும் சொல்கிறோம். ஒன்று, பெண்ணின் உடல் பொதுச்சொத்து அல்ல என்பது. பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வரும் நமது பிள்ளைகளிடம் கேட்டால் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. மற்றது இறைவனிடம் அனுமதி கேட்கும் பாட்டு. நான் குற்றவாளியா, இசைக்க எனக்கு அனுமதி தா என்று அல்லாஹ்விடம் முறையிடுகிறது. மார்க்கத்தை விட்டு ஓடும் பிள்ளை அல்லாஹ்விடம் அனுமதி கேட்குமா?

இசை ஹராமா ஹலாலா என்று நாம் பத்வா கொடுக்க வரவில்லை, அதற்கு எமக்குத் தகுதியும் இல்லை. உலமாக்களுக்குள் இது பழைய கருத்து வேறுபாடு. தடுத்தவர்கள் பலர். இமாம் இப்னு ஹஸ்ம் ஆகும் என்றார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பாகம் எழுதி, நிபந்தனைகளோடு அனுமதிக்கும் பக்கம் பேசினார். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததும், அபூபக்ர் (ரழி) கண்டித்தபோது விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. அந்த ஹதீஸுக்கும் இரு தரப்பும் விளக்கம் வைத்திருக்கிறார்கள். கருத்து வேறுபாடு உள்ள ஒரு விடயத்தில் ஊர்க்குழுவில் ஒரு பிள்ளையின் முகத்தைப் போட்டு வசைபாடுவதற்கு எந்தக் கிதாபில் இடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

இனி, எம்மை அதிகம் யோசிக்கவைத்த விடயம். சிங்காஜயாப் பிள்ளைகள் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்னால் காஷ்மீரில் இதே மாதிரி மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்ரீநகரில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவர்கள். குழுவின் பெயர் பிரகாஷ், வெளிச்சம் என்ற அர்த்தத்தில். 2012 டிசம்பரில் ஒரு போட்டி மேடையில் வாசித்துப் பரிசும் வாங்கினார்கள். அதன்பிறகு இணையத்தில் வசை, பலாத்கார மிரட்டல். முதலமைச்சர் ஆதரவாகப் பேசினார், பொலிஸ் வழக்குப் போட்டது. ஆனால் 2013 பெப்ரவரியில் காஷ்மீரின் பெரிய முஃப்தி இது மார்க்கத்துக்கு முரண் என்று அறிவித்தார். அத்தோடு முடிந்தது. பிள்ளைகள் கருவிகளை வைத்துவிட்டார்கள்.

மூன்று பிள்ளைகள் இங்கே, மூன்று பிள்ளைகள் அங்கே. வயதும் ஏறத்தாழ ஒன்று. காஷ்மீரிலும் பழக்கிக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். அதனால் ஆசிரியர் இருந்தால் போதும் என்று சொல்லி எமது தொழிலை நாமே புகழ்ந்துகொள்ள முடியாது. எமக்குப் படுவது இதுதான்: காஷ்மீரில் ஒரு பெரியவரின் ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மறுத்துப் பேச ஊரில் யாரும் எழும்பவில்லை. ஜாவாவில் நஹ்தத்துல் உலமா, முஹம்மதிய்யா என்று பெரிய இயக்கங்கள், ஊருக்கு ஊர் பல குரல்கள். ஒருவர் கதவைச் சாத்தினால் இன்னொருவர் ஜன்னலையாவது திறந்துவைப்பார். பிள்ளைகளின் துணிச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சுற்றி நின்ற பெரியவர்கள்தான் வித்தியாசம்.

அந்த ஜன்னலும் எப்போதும் திறந்திருக்கும் என்பதில்லை. அதே இந்தோனேசியாவில் 2025 பெப்ரவரியில் சுகதானி என்ற பங்க் இரட்டையர், பொலிஸ் இலஞ்சத்தைப் பற்றிப் பாடிய பாட்டுக்காக வீடியோவில் மன்னிப்புக் கேட்டு அதை மீளப்பெற வேண்டி வந்தது. அதன் பாடகி ஓர் இஸ்லாமிய ஆரம்பப் பாடசாலையின் ஆசிரியை. வேலை போய்விட்டது. பாட்டுக்காக அல்ல, மேடை உடைக்காக என்று பாடசாலை சொன்னது. வாசித்த அன்று எமக்குச் சோறு இறங்கவில்லை.

வொய்ஸ் ஒஃப் பாச்சேப்ரோத் பிள்ளைகள் பேட்டிகளில் தங்கள் ஊரில் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்ட தோழிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இந்தோனேசியாவில் பெண்ணின் திருமண வயது 16 ஆக இருந்தது. 2019இல் அதை 19 ஆக்கினார்கள். நமது நாட்டில் மற்றவர்களுக்கு 18. நமக்கென்று உள்ள 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் ஆகக்குறைந்த வயது என்று ஒன்று இல்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காழியாரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். 2009இல் போட்ட குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. இதைப் பற்றிக் குழுவில் யாராவது கியாமத்தின் அடையாளம் என்று எழுதினார்களா என்று தேடிப் பார்த்தோம்.

நமது பெண்கள் எப்போதும் வாய் மூடி இருந்தவர்களும் அல்ல. கிழக்கிலே வயலிலும் வாசலிலும் நமது உம்மும்மாமார் கவி பாடினார்கள். கோபம், ஏக்கம், காதல், மச்சானுக்கு ஏச்சு எல்லாம் அதில் இருக்கும். கல்யாண வீட்டில் குரவை போட்டால் மூன்று வளவுக்குக் கேட்கும். எழுத்து வாசிப்புத் தெரியாத பெண்கள் கட்டிய கவிகளைத்தான் இன்று பல்கலைக்கழகத்தில் நாட்டாரியல் என்று படிக்கிறோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்த முறை பரிசளிப்பு விழாவில் பெண் பிள்ளைகளின் குழுப்பாடல் வேண்டாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். கிட்டாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. உம்மாவைப் பற்றிய ஒரு பாட்டு, ஒரே ஒரு றபான். தரம் 9 பிள்ளைகள் பதினொரு பேர் ஒரு மாதமாகப் பழகுகிறார்கள். றபான் அடிக்கும் பிள்ளை வகுப்பில் வாயாடி என்று பெயர் எடுத்தவள், மேசையில் தாளம் போட்டே ஏச்சு வாங்குபவள். அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேருக்கு ஓ.எல். முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு நடப்பது எமக்குத் தெரியும்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, பிரதான மண்டபத்தில். மறுப்பவர்களும் கட்டாயம் வாருங்கள், முகத்துக்கு நேரே பேசுவோம். வாப்பாமார் மட்டும் வந்து முடிவெடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை உம்மாமாரும் வாருங்கள். வருவதற்கு முன் பிள்ளையிடம் பாட்டை ஒருதரம் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.