வானம், மலை, வயல்: துணியில் ஒரு நிலக்காட்சி



ஒருவர் மவ்த்தான வீட்டில் கடைசி வரை முடிவெடுக்கப்படாமல் கிடப்பவை அவருடைய உடைகள்தாம். கடனுக்கும் பத்திரத்துக்கும் கேட்க ஆள் உண்டு. அலமாரியில் மடித்து வைத்த சட்டைகளையும் கைலிகளையும் எவரும் கேட்பதில்லை. ஆனால் மார்க்கத்தின் பார்வையில் அவையும் தரிக்காவில், அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில், அடக்கம். வாரிசுகள் அனைவருக்கும் அவற்றில் உரிமை உண்டு. எனவே வாப்பாவின் அலமாரியைத் திறப்பதற்கு முன் உம்மாவிடமும், வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடமும், இரு தங்கைகளிடமும் சம்மதம் கேட்டேன். நல்ல நிலையில் இருந்தவற்றை ஸதக்காவாகக் கொடுத்தோம். கழுத்துப்பட்டை நைந்த நான்கு வெள்ளைச் சட்டைகளும், ஒளி புகும் அளவுக்கு மெலிந்துபோன ஆறேழு கைலிகளும் மிஞ்சின. பிறருக்குக் கொடுக்கத் தகாதவை. "வாப்பா கைலியக் கரித்துணியாக்க மனசு வரலம்மா" என்று உம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

உம்மா அப்போது இத்தாவில் இருந்தார்கள். கணவரை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் வரையறுக்கும் காலம் அது. தென்காசி வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறையில் மேற்கு நோக்கிய ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே முதலில் வயல், அப்பால் தென்னந்தோப்பு, அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. உம்மா தொழுவதும் ஓதுவதும் அந்த அறையில்தான். ஆனால் ஜன்னலுக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பார்கள். அந்த வயல் வரப்பில்தான் வாப்பா ஸுப்ஹுக்குப் பின் தினமும் நடந்து வருவார்கள்.

நிலக்காட்சிக் குயில்ட் என்ற கலையை நான் கைப்பேசியில் பார்த்திருந்தேன். குயில்ட் என்பது மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்னும் மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்கிய நம் மூத்தம்மாமார்களுக்கு இது புதிதன்று. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்தினருள் முஸ்லிம்களும் உண்டு. அச்சமூகப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டித் தைக்கும் வண்ணப் போர்வைகள் இன்று உலகெங்கும் அறியப்பட்டவை. அமெரிக்காவில் 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. அந்தக் காலத்தை ஒட்டி, போர்த்திக்கொள்வதற்காக அல்லாமல் பார்ப்பதற்காகவே குயில்ட் செய்யும் கலைஞர்கள் அங்கே பெருகினார்கள். தூரிகைக்குப் பதில் கத்தரியும், வண்ணத்துக்குப் பதில் துணியும் கொண்டு மலையையும் ஆற்றையும் அச்சாகக் காட்டுவது அக்கலையின் ஒரு கிளை.

கடையில் வாங்கியவை மூன்றே பொருட்கள்: பஞ்சு விரிப்பு, இஸ்திரிச் சூட்டில் இருபுறமும் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பசைத்தாள், சில நூற்கண்டுகள். இரண்டடிக்கு மூன்றடி அளவில், ஜன்னலில் தெரிவதை அப்படியே செய்வது என்று தீர்மானித்தோம்.

இக்கலையில் முதல் பாடம் தையலன்று, பார்வை. மலை பச்சை என்பது நமக்குத் தெரிந்த செய்தி. கண்ணுக்குத் தெரிவது வேறு. ஜன்னலில் தெரியும் படத்தைக் கைப்பேசியில் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். அருகிலுள்ள குன்று கருமையாக இருக்கும். அடுத்த தொடர் சற்று வெளுத்திருக்கும். கடைசித் தொடர் வானத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மங்கியிருக்கும். நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக் கூட மலை நீலமாகவும் வெளிறியும் தோன்றுகிறது. துணிகளை நிறவாரியாக அடுக்காமல், அடர்த்தியிலிருந்து வெளிர்மை நோக்கி அடுக்கிக்கொள்வதே இங்கு முறை. துணியின் உட்புறம் சற்று மங்கலாக இருப்பதால், தொலைவில் உள்ளவற்றுக்கு உட்புறத்தைத் திருப்பி வைக்கலாம்.

வேலை பின்னாலிருந்து முன்னால் வருகிறது. முதலில் வானம். அதற்கு எங்கள் பழைய நீல ஜன்னல் திரையே கிடைத்தது. வெயில் பட்டுப் பட்டு அது ஒருபுறம் வெளுத்திருந்தது. வெளுத்த பக்கத்தைக் கீழே வைத்தோம். வானம் உச்சியில் அடர்ந்தும் அடிவானத்தில் வெளிறியும் இருப்பதால், வெயிலே எங்களுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தது போலாயிற்று. அடுத்து மலைகள். ஒவ்வொரு தொடரையும் அதன் முகட்டு வடிவில் வெட்டி, அடிப்பகுதி அரை அங்குலம் அடுத்த தொடருக்குக் கீழே மறையும்படி வைக்க வேண்டும். கடைசித் தொடருக்குத் துணி தேடியபோது உம்மாவே வாப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துத் தந்தார்கள். பல்லாண்டுகள் நீலம் போட்டுத் துவைத்த சட்டை. வெள்ளை என்று நாங்கள் நினைத்திருந்த அது, வானத்துக்கு அருகே வைத்ததும் தொலைமலையின் நிறமாகவே இருந்தது.

அல்காஷியா அத்தியாயம் ஒட்டகத்தைப் பார்க்கச் சொன்ன பின், வானம் உயர்த்தப்பட்டதையும், மலைகள் நாட்டப்பட்டதையும், பூமி விரிக்கப்பட்டதையும் பார்க்கச் சொல்கிறது. வானம், மலை, பூமி. துணியை அடுக்கும் வரிசையும் அதுவே. இதை நான் விளக்கவுரையாகச் சொல்லவில்லை. அவ்வசனங்களை எத்தனையோ முறை ஓதியிருக்கும் ஒருத்திக்கு, கத்தரியோடு அமர்ந்திருந்த வேளையில் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். ஃபாத்திர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் மலைகளில் வெண்மையும் செம்மையும் கருமையுமாக உள்ள நிற வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகிறது. அந்த வேறுபாட்டைத் துணியில் கொண்டுவர முயல்பவர்களுக்குத்தான் அது எவ்வளவு நுட்பமானது என்பது புரியும்.

வயலுக்குக் கைலிகள். பச்சைக் கட்டங்களில் பெரியவை அருகிலும் சிறியவை தொலைவிலும் வந்தன. கட்டக்கோடுகள் வரப்புகளாக நின்றன. தூரம் செல்லச் செல்லப் பட்டைகளைக் குறுக்கி வெட்டினால் வயல் படுத்துக்கொள்ளும். ஒரே அகலத்தில் வெட்டினால் சுவர் போல எழுந்து நிற்கும். அது சாரல் காலம். மலையில் இறங்கும் மேகத்துக்கு மெல்லிய வெண்துப்பட்டா ஒன்றின் ஓரத்தைக் கிழித்து இரண்டாம் தொடரின் மேல் படர விட்டோம். கத்தரித்த விளிம்பை விடக் கிழித்த விளிம்பே மேகத்துக்குப் பொருந்துகிறது.

ஒட்டி முடித்ததும் மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தையல். தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டால், துணியை எத்திசையிலும் கையால் நகர்த்தித் தைக்கலாம். அப்போது ஊசி பேனாவாகிவிடுகிறது. வானத்தில் கிடைக்கோடுகள், மலையில் சரிவுக் கோடுகள், முன்வயலில் நெற்பயிரின் சிறு சிறு நிமிர்கோடுகள். தென்னந்தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் நான் கீற்று தைக்கத் தொடங்கியபோது உம்மா தலையை ஆட்டி, "தூரத்து மரத்துக்குக் கீத்து ஏது? இங்க வந்து பாரு" என்றார்கள். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பி அமர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தோப்பு ஒரு கரும்பட்டையாகவும், மேல் விளிம்பு மட்டும் சிலிர்த்தும் தெரிந்தது. அப்படியே தைத்தோம். அதன் பிறகு நிறம் சொல்வது உம்மாவின் பொறுப்பாயிற்று. காலை வெயிலில் மலையின் மடிப்புகள் தெளிவாகத் தெரிவதையும், அஸருக்குப் பின் சூரியன் மலைக்கு மேலே சரியும்போது எல்லாம் ஒரே நிழலாகிவிடுவதையும் அவர்கள் நாள்தோறும் எனக்குச் சொன்னார்கள். பல வாரங்கள் பார்க்காதிருந்த ஒன்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

வந்துபோகும் உறவுக்காரப் பெண்கள் இரு கேள்விகள் எழுப்பினார்கள். இத்தாவில் இருப்பவர் வண்ணத் துணிகளோடு பொழுதைக் கழிக்கலாமா? படம் செய்வது கூடுமா? இரண்டையும் எங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டனுப்பினோம். இத்தாவில் தடை தன்னை அலங்கரித்துக்கொள்வதற்குத்தான், வீட்டுக்குள் இருந்து செய்யும் கைவேலைக்கு இல்லை என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தியை நினைவூட்டினார்கள். உருவங்கள் செய்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், செய்தே தீர வேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு அறிவுறுத்தியதைத்தான் சொன்னார்கள்.

இந்த வழியில் முஸ்லிம் உலகம் பெருங்கலை ஒன்றையே படைத்திருக்கிறது. கலீஃபா முதலாம் வலீதின் காலத்தில், 705 முதல் 715 வரை ஆண்ட அவரால் எழுப்பப்பட்ட டமாஸ்கஸின் உமய்யா பெரிய பள்ளிவாசலில், முற்றத்தின் மேற்குத் தாழ்வாரச் சுவரில் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த நிலக்காட்சி இன்றும் இருக்கிறது. ஓடும் ஆறு, ஓங்கிய மரங்கள், மாடி வீடுகள். மனிதரோ விலங்கோ அதில் இல்லை. துண்டு துண்டாக ஒட்டி ஒரு ஊரையே காட்டும் அந்த வேலைக்கும் ஒட்டுத்துணி வேலைக்கும் உறவு தொலைவில் இல்லை.

என் மகன், "உம்மா, வயல்ல கொக்கு வைக்கலாமே" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். "அப்போ நன்னா நடப்பாங்களே, அவங்க?" என்றான். நான் பதில் தேடுவதற்குள் உம்மா சொன்னார்கள்: "ஆள் எதுக்குய்யா? வரப்பு இருக்குல்ல." நடுவரப்பை மட்டும் பழுப்பு நூலால் இருமுறை தைத்து எடுப்பாக்கினோம். வேறெதுவும் சேர்க்கவில்லை.

மாட்டுவதற்கு இடம் பார்த்தபோதும் ஒரு சிந்தனை இருந்தது. ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இருந்த சித்திரத் திரை தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால், நபி (ஸல்) அவர்கள் அதை அகற்றச் சொன்ன செய்தி புகாரியில் உண்டு. நமக்குக் கிப்லா ஏறத்தாழ மேற்கு. எனவே மேற்கு மலையின் படம் எங்கள் வீட்டில் கிழக்குச் சுவரில் இருக்கிறது.

துயரத்துக்கு இது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். உம்மாவுக்கு ஆறுதல் தந்தது தொழுகையும் துஆவும் பிள்ளைகளின் அருகாமையும்தான். ஆனால் கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு காட்சியும் இருந்ததால், நீண்ட பகல்கள் நகர்ந்தன. உங்கள் வீட்டிலும் கொடுக்க முடியாத, எறியவும் மனம் வராத துணிகள் இருந்தால், வாரிசுகளின் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். சிறு அளவில், ஒரு வானம், இரண்டு மலைத்தொடர், ஒரு வயல் என்று தொடங்குங்கள். கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் ஜன்னலருகே அமர்ந்து பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நிறங்களை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை விசாலமாக்கி ஒளியாக்குவாயாக. உன் படைப்பைப் பார்த்து உன்னை நினைக்கும் கண்களை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.