ஏடு யார் கையில்?

கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தரவேண்டுமெனப் பழைய மாணவர் சங்க அன்பர்கள் பணித்தனர். புலமை மிக்கார் பலர் இலக்கியமும் சமயமும் எழுதும் மலரில், கணினிக்கு நிரல் எழுதி வாழும் நான் எதனை எழுதுவது? அறிந்ததை எழுதுதலே முறையெனத் துணிந்தேன். பிளொக்செயின் என வழங்கும் தொடரேட்டோடு நம் செயலிகளை இணைக்கும் பணியே நான் அறிந்தது. பொருள் புதியதாயினும் அதன் வேர் மலையகத்தார் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒன்றில் உள்ளது. அது கணக்கேடு.

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவன் நான். என் அப்பாயி கொழுந்தெடுத்த காலத்தில், மடுவத்துத் தராசு காட்டிய நிறையைக் கணக்கப்பிள்ளை தம் ஏட்டிற் குறிப்பார். விதித்த நிறை இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில இறாத்தல் கழிவதும் உண்டு. எழுத்தறியாத அப்பாயி, தம் நிறையை நாள்தோறும் லயச் சுவரிற் கரிக்கோடுகளாக இழுத்துவைப்பார். சம்பள நாளில் ஏடும் சுவரும் மாறுபட்டால் வென்றது ஏடே. ஏடு ஒருவர் கையில் இருந்தது. சுவரைச் சான்றாகக் கொள்வார் எவருமிலர்.

அதற்கும் முற்பட்ட காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளி பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். வேறு தோட்டத்தார் அக்கடனைச் செலுத்தினாலன்றி அவன் அங்கே பெயர் பதிய இயலாது. அவ்வாறு சென்றாலும் கடன் அவனைப் பின்தொடர்ந்தே சென்றது. அம்முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தேயிலையின் மறுமுனையிலோ கணக்கு வேறுவிதமாக நடந்தது. 1883 யூலை 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது. பலர் காண விலை கூறுவது அங்கு வழக்கமாயிற்று. விற்போனும் வாங்குவோனும் ஒரே விலையைக் கேட்டனர். பறித்தவளின் நிறையை மட்டும் பலர் காணவில்லை.

இனித் தொடரேட்டுக்கு வருவோம். எதீரியம் என்னும் தொடரேட்டின் முதற்கட்டம் 2015ஆம் ஆண்டு, அதே யூலை 30ஆம் நாள் எழுதப்பட்டது. இவ்வேட்டின் படி ஒருவரிடம் மட்டும் இல்லை. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளது. அவை ஒவ்வொன்றும் 'கணு' எனப்படும். புதிய பக்கம் ஒவ்வொன்றும் முந்திய பக்கத்தின் முத்திரையைத் தாங்கிவருதலால், இடையில் ஓரெழுத்தைத் திருத்தினும் ஏனைய கணுக்கள் கண்டுகொள்ளும்.

சாதாரண செயலி இவ்வேட்டைத் தானே படித்தல் அரிது. ஆதலின் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல் நூலகம் ஒன்றைத் துணைக்கொள்கிறோம். ஈதர்ஸ், வியெம் என்பன இன்று வழக்கிலுள்ளன. முன்னோடியான வெப்3 நூலகத்தின் பராமரிப்பு 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இத்தகைய நூலகத்துக்கு முதலிற் சொல்லவேண்டியது ஒன்றே: எந்தக் கணுவிடம் கேட்பது? கணு நம் கணினியிலேயே இயங்கினால் வழக்கமாக 8545ஆம் வாயிலில் எச்.டி.டி.பி. முறையிற் கேட்கலாம், புதிய பக்கங்களை இடையறாது செவிமடுக்க 8546ஆம் வாயிலில் வெப்சொக்கெட் முறை உண்டு. பிறர் நடத்தும் கணுவாயின் அவர் தந்த இணைய விலாசத்தை எழுதுகிறோம். வரி ஒன்றுதான், செயலியின் நம்பிக்கை முழுவதும் அவ்வொரு வரியிலே தங்கியுள்ளது.

அண்மையில் அட்டனில், தோட்டப் பிள்ளைகள் சிலருக்கு இப்பாடத்தை நடத்தினேன். கொழுந்து நிறையைப் பதியும் சிறு செயலியொன்றைச் சோதனைக்காக அமைத்தோம். கணுவின் விலாசத்தைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இந்த விலாசம் யாரு வீட்டு விலாசம்?" என்றாள். வகுப்புச் சிரித்தது. எனக்கோ அதனினும் நல்ல வினா அப்பாடத்தில் இல்லை என்றே தோன்றியது. தொலைநாட்டு நிறுவனமொன்றின் விலாசம் அது. ஏடு ஆயிரம் கைகளில் இருந்தாலும், ஒரே நிறுவனத்தின் வாயாற் கேட்பவனுக்கு அது மீண்டும் ஒருவர் கை ஏடேயன்றோ?

இது வெறும் ஐயமன்று. 2020 நவம்பர் 11ஆம் நாள், இன்பூரா என்னும் நிறுவனம் நடத்திய கணுக்களுட் சில, மென்பொருளின் பழைய பதிப்பை இயக்கியமையால் ஏனையவற்றினின்றும் பிரிந்துபோயின. எதீரியம் தொடர்ந்து நடந்தது. ஆயினும் அந்நிறுவனத்தையே நம்பியிருந்த செயலிகள் பல சில மணி நேரம் தடுமாறின.

பரிகாரம் உண்டு. சொந்தக் கணு வைத்தல் முதலாவது. அதற்கு ஏறத்தாழ 2 டெராபைட் சேமிப்பிடம் வேண்டும். இயலாதார், பல கணுக்களைக் கேட்டு அவை உடன்படும் விடையை மட்டும் ஏற்குமாறு நூலகத்தை அமைக்கலாம். ஈதர்ஸ் அதற்கு வழி செய்துள்ளது. சங்கிலி எண்ணையும் சரிபார்த்தல் வேண்டும்: மெய்யான எதீரியத்துக்கு எண் 1, செப்போலியா என்னும் சோதனைத் தளத்துக்கு 11155111. தொகைகளிலும் விழிப்பு வேண்டும். ஓர் ஈதர் என்பது 10இன் 18ஆம் அடுக்களவு 'வெய்'. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணோ 9007199254740991 வரையே பிழையின்றி எண்ணும். அஃது ஓர் ஈதரில் நூறிலொரு பங்கினும் குறைவு. அதனாலேயே இன்றைய நூலகங்கள் பிக்இன்ட் என்னும் பேரெண் வகையைக் கையாள்கின்றன. அரைப்பேரின் கொடுமையை அறிந்தார்க்கு இக்கவனத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இத்துணை செய்தும் தீராதன இரண்டு. தராசு பொய் சொன்னால் தொடரேடு அப்பொய்யையும் என்றும் அழியாமற் காக்கும். அன்றியும், அழியாத ஏடெல்லாம் நல்ல ஏடாகா. ஒருவரின் பெயரும் கடனும் அதில் ஏறிவிட்டால் அது புதிய துண்டாகவே முடியும். ஆகவே எங்கள் செயலியிற் பெயரை எழுதவில்லை. பதிவின் முத்திரையை மட்டும் ஏட்டில் இட்டு, பதிவை உரியவர் கைப்பேசியிலேயே வைத்தோம். காட்டவேண்டியபோது அவரே காட்டலாம்.

இந்நாட்டில் இத்துறை முற்றும் புதியதன்று. 2019ஆம் ஆண்டில் ஒக்ஸ்பாம், ஏயோன், எத்தெரிஸ்க் ஆகியன சேர்ந்து, சிறு நெற்செய்கையாளருக்குப் பிளொக்செயின் வழியான வானிலைக் காப்புறுதியைத் தொடங்கின. முதற்கட்டத்தில் ஏறக்குறைய 200 விவசாயிகள் சேர்ந்தனர். வயலுக்கு வந்தது மலைக்கு வருதலும் கூடும். வரும்போது அதனை அமைப்பவர் யாவர், படிப்பவர் யாவர் என்பதே கேள்வி.

இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. கருவி எதுவாயினும், அது யாரிடம் கேட்டு உங்களுக்கு விடை சொல்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். கணக்கைப் படிக்கவும் ஒப்புநோக்கவும் வல்ல பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருவர் மூவரேனும் உருவாதல் வேண்டும். எழுத்தையும் எண்ணையும் நமக்கு ஈந்த கல்லூரியன்னைக்கு நாம் செலுத்தத்தக்க விழாக் காணிக்கை அதுவே என எண்ணுகின்றேன்.