திறப்பு

போன சனிக்கிழமை என் எம்ஜிபியை விற்றேன். 1972இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் செய்த, கூரையை மடித்துவிடக்கூடிய இரண்டு இருக்கைக் கார். இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தது. இப்போது முழங்கால் இரண்டும் சரியில்லை. தரையோடு ஒட்டின அந்த இருக்கையிலிருந்து எழும்ப ஒருவர் கை தரவேணும்.

இளமைக்கால ஆசைக்காக நான் அதை வாங்கவில்லை. விற்க வந்தவர் பொனற்றைத் தூக்கிக் காட்டினபோது உள்ளே அப்பாவின் எஞ்சின் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்தது ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ். அது 1489 சிசி, இது 1798. இரண்டும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். வால்வு இடைவெளி பார்க்க அப்பா பழக்கினது கையில் அப்படியே இருந்தது.

வாங்க வந்த வெள்ளைக்காரப் பொடியன் சின்னக் காந்தத்தோடு குனிந்தான். எம்ஜிபிக்கு எமன் துருதான். கூரையில்லாத கார் என்பதால் பாரத்தைக் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டித் தகடுகள்தான் தாங்கவேணும். உக்கினதைப் புட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது.

“சில் இரண்டும் மாத்தினது, ரசீது இருக்கு. பின்சக்கர வளைவில புட்டி இருக்கு, நான்தான் பூசினது” என்றேன்.

“கேக்காததை ஏனப்பா சொல்லுறீங்கள்?” என்று மனைவி தமிழில் முணுமுணுத்தா. முந்நூறு பவுண் குறைந்தது.

பதிவுப் பத்திரத்தின் பச்சைத் துண்டைக் கிழித்துக் கொடுத்தேன். திறப்பைக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரினை ஓட்டினவர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அதைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சனத்தோடு சனமாகச் சாவகச்சேரிக்கு நடந்தார். அடுத்த வருடம் திரும்பினபோது கார் இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்று கடைசிவரை தெரியாது. திறப்பு மட்டும் அம்மாவின் தையல்பெட்டிக்குள் கிடந்தது.

என் கார் யாரிடம் போகிறது என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தே திறப்பைக் கொடுத்தேன்.

“வால்வு பார்க்கத் தெரியுமோ?”

தெரியாது என்று சிரித்தான்.

“ஒரு சனிக்கிழமை கொண்டு வாரும். எஞ்சின் ஆறினாப் பிறகுதான் பார்க்கவேணும்” என்றேன்.