22 மில்லிமீற்றர்

கடைகளுக்கு வரும் மாதிரி எஞ்சின்களில் பெரும்பாலானவை 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்துக்கே செய்யப்பட்டவை. நமது நாட்டுப் பாதையோ அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம். அடியை 4 மில்லிமீற்றராகச் சுருக்கினால் 22. ஆகவே நமது நீராவி எஞ்சினை நாமேதான் செய்ய வேண்டும்.

நான் வெட்டுவது பால்மா ரின். வெளிப்பூச்சைச் சுரண்டிவிட்டால் உள்ளே வெள்ளீயம்; பற்றாசு இலகுவாகப் பிடிக்கும். கொதிகலனுக்குத் தகரத்தைக் குழாயொன்றில் வைத்துப் பெருவிரலால் கொஞ்சங் கொஞ்சமாக உருட்ட வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு விழும். விழுந்த மடிப்பு போகவே போகாது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். சக்கரங்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது.

"சோதினை வருது, தகரத்தோட என்ன வேல?" என்று உம்மா கேட்பார். மூத்தாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர் அவர். அந்த எஞ்சினோடு எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

சாரதி நிற்கும் கூண்டின் உயரம் கேட்டேன்.

"நான் நிமிர்ந்து நிண்டா தலைக்கு மேல ஒரு சாண் இருக்கும், மகள்."

அவரது உயரமும் 5 அடி 6 அங்குலம். தகரத்தில் 22 மில்லிமீற்றரில் ஓர் ஆளை வெட்டி உள்ளே நிறுத்தி, தலைக்கு மேல் 3 மில்லிமீற்றர் விட்டுக் கூரையைப் பற்றவைத்தேன்.