கடைசி ஏற்றம் 2 மணி

இலங்கையின் கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டது என் அத்தை இல்லை, அவருடைய அப்பா. என் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மண்டபம் முகாமில் தங்கவைத்து, தடுப்பூசி போட்டு, தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கிவிட்ட தலைமுறை. ஊருக்குத் திரும்பியவர், நேர்த்திக்கடனை முடிக்க ஒருதரம் போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. தாத்தாவும் போனார். கடன் மட்டும் அத்தையின் பெயருக்கு மாறியது.

2023 ஜூனில் ‘எம்ப்ரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போகத் தொடங்கியது. செய்தியைப் பார்த்த மச்சான், அதாவது அத்தையின் மகன், கைப்பேசியில் வரைபடத்தை விரித்துவிட்டார். அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து சிவகாசி போவதைவிடக் கூடுதல். “காலைல எறங்குறோம், சாமியக் கும்புடுறோம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு வந்துருவோம்” என்றார். அப்படி ஒரு கப்பலில்தான் பிறகு நாங்கள் போனோம்.

என் கவலையெல்லாம் அத்தையைப் பற்றித்தான். புரட்டாசி சனிக்கிழமைகளில் அவர் திருவண்ணாமலைக்குப் போவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கிரிவலம் போகும் திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய குன்றின் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. எங்கள் பக்கத்து ஆட்கள் அதைத் தென் திருப்பதி என்பார்கள். அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சிறப்புப் பேருந்து விடுவார்கள். மொட்டை போடுகிறவர்கள், துளசி மாலை விற்கிறவர்கள், படியில் உட்கார்ந்துவிட்ட பாட்டிகள் என்று மலை நிரம்பிக் கிடக்கும். அத்தை விடிவதற்கு முன்னால் போவார், பொழுது சாயும்போது வருவார். “எப்ப வருவீங்க?” என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். அவரைக் கூட்டிக்கொண்டு கடிகாரம் பார்த்து ஓர் ஊருக்குப் போய்வருவதா?

கரையிறங்கும் நாளுக்கு முந்தின இரவு, கேபினுக்கு ஒரு தாள் வந்தது. எந்தத் தளத்தில் எந்த வாசல் வழியாக இறங்க வேண்டும், திரும்பிவர வேண்டிய நேரம் என்ன என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கடைசி ஏற்றம் 2 மணி, புறப்பாடு 3 மணி. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கிறதே, கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் விடமாட்டார்களா என்றுதான் முதல்முறை போகிறவர்களுக்குத் தோன்றும். அந்த ஒரு மணி நேரம் பயணிகளுக்கானது இல்லை. இறங்கும்போதும் ஏறும்போதும் நம் அட்டையைக் கருவியில் காட்டுகிறோம். 2 மணிக்கு அந்தக் கணக்கை எடுத்து, யார் வரவில்லை என்று பார்த்து, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். அதற்குள் துறைமுகத்து வழிகாட்டி மாலுமி ஏறிவிடுவார், இழுவைப் படகுகள் வந்து நிற்கும். அவர்களையெல்லாம் நேரம் குறித்து வாடகைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். தாமதமாகப் புறப்பட்டால் அடுத்த துறைக்கு வேகமாக ஓட்ட வேண்டும். கப்பலில் வேகம் கொஞ்சம் கூடினாலே எண்ணெய்ச் செலவு அதைவிடப் பெரிய அளவில் எகிறிவிடும். அத்தையின் நேர்த்திக்கடனுக்காக அத்தனையையும் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்க முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கப்பல்காரர்களே கூட்டிப்போகும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது. கப்பல் சுற்றுலா விலை கூடுதல் என்று எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். அந்தக் கூடுதல் காசுக்கு அவர்கள் விற்பது இந்தக் காத்திருப்பைத்தான். ஆனால் அந்தப் பேருந்தில் கோயிலுக்கு இவ்வளவு நேரம், கடைக்கு இவ்வளவு நேரம் என்று பங்கு பிரித்திருப்பார்கள். கடன் தீர்க்கப் போகிறவருக்கு அது ஒத்துவராது என்று மச்சான் தனி வேன் பேசிவிட்டார்.

2024 மார்ச்சில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ டோமே தீவில் ‘நார்வீஜியன் டான்’ கப்பலைத் தவறவிட்ட எட்டுப் பேரின் கதையை நான் படித்திருந்தேன். தனி ஏற்பாட்டில் சுற்றப் போனவர்கள். நேரத்துக்கு வரவில்லை, கப்பல் போய்விட்டது. அடுத்து காம்பியாவில் பிடிக்கலாம் என்று பல நாடுகளைத் தாண்டிப் போனால், கடல் வற்றம் காரணமாகக் கப்பல் அங்கே நிற்கவே இல்லை. கடைசியில் செனகலின் தலைநகரான டாக்காரில் போய்ப் பிடித்தார்கள். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. மச்சானிடம் சொன்னேன். “நம்ம எலங்கைதானய்யா போறோம்” என்றார்.

எங்களுக்கு ஒரு சௌகரியம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இலங்கை 1996இல் தன் நேரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஏறி புக்கெட்டில் இறங்கும் நம் ஆட்களுக்குத்தான் கஷ்டம். அங்கே ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு. கப்பல் ஒரு நேரத்தில் ஓடும், கரைக்குப் போனதும் கைப்பேசி தானாக இன்னொரு நேரத்துக்கு மாறிக்கொள்ளும். பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்புவது நல்லது.

குடிவரவுச் சோதனை முடிந்து துறைமுக வாயிலுக்கு வரவே ஒன்பதரை ஆகிவிட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இல் திறந்தது, 2017இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது. அதன் விரிவு உள்ளே நடந்தால்தான் தெரியும். நடக்கவும் விடமாட்டார்கள். கப்பலிலிருந்து வாயில்வரை துறைமுகப் பேருந்துதான். வரிசையில் நின்று ஏறி, வாயிலில் பையைச் சோதனைக்குக் கொடுத்து, வெளியே வந்து வேனைத் தேட வேண்டும். வரைபடத்தில் 45 கிலோமீட்டர் பார்த்த மச்சான் இந்த இடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள் குறித்துக்கொண்டேன்: திரும்பும்போது இதற்கே அரை மணி.

வேன் ஓட்டுநர் அம்பாந்தோட்டை முஸ்லிம். நல்ல தமிழ் பேசினார். உப்பளங்களைத் தாண்டி, சாலையோர மயில்களைத் தாண்டி, திஸ்ஸமகாராமை வழியாகப் போனோம். அத்தை வழியெல்லாம் பேசவில்லை. ஒருமுறை மட்டும், “பூசை எத்தன மணிக்குத் தம்பி?” என்று ஓட்டுநரைக் கேட்டார். “பத்தரைக்கு அம்மா. பிடிச்சிடலாம்.”

கதிர்காமத்தில் முறை என்ன என்றால், மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுத்தான் சாமி பார்க்கப் போக வேண்டும். மாற்றுப் புடவையைப் பையில் எடுத்து வந்திருந்தார் அத்தை. ஆற்றங்கரையில் இறங்கும்போது பத்து இருபது. மருத மர நிழலில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழங்காலளவுதான். அத்தை ஆற்றைப் பார்த்தார், என் கடிகாரத்தைப் பார்த்தார். காலை நனைத்து, தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்துக்கொண்டு, “மிச்சத்தப் பூசை முடிஞ்சு வந்து குளிச்சுக்குறேன்” என்று ஆற்றிடமே சொல்லிவிட்டு நடந்தார். நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கோயில் சின்னது. தமிழ்நாட்டுக் கோபுரத்தை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதானா என்று தோன்றும். உள்ளே சிலை கிடையாது. மயில்மேல் முருகன் வள்ளி தெய்வானையோடு எழுதிய திரைதான். பூசை செய்யும் கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்வருவார்கள். மந்திரமெல்லாம் வெளியே கேட்காது. பழத்தட்டை ஏந்தி வெள்ளை உடுத்திய சிங்களவர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவே அத்தை, தாத்தாவின் பெயரைச் சன்னமாகச் சொல்லிக்கொண்டு. வெளியே வந்து தேங்காயில் கற்பூரத்தை ஏற்றிக் கையில் பிடித்து, கண்ணை மூடி, ஓங்கி உடைத்தார். ஒரே போடு, சரிபாதி.

பிறகு சொன்னபடி ஆற்றில் முழுகி எழுந்து, ஈரப் புடவையைப் பிழிந்தபோது மணி பன்னிரண்டே கால். அப்போதுதான் மச்சான், “செல்லக் கதிர்காமம் கோயிலும் பக்கத்துலதானாம், ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோமா?” என்றார். மூன்று நான்கு கிலோமீட்டர்தான். எனக்கும் ஆசை. அத்தை பையை எடுத்துத் தோளில் போட்டார். “வந்த சாமியப் பாத்தாச்சு. கெளம்பு.”

வண்டி கிளம்பிய பிறகு விவரமாகச் சொன்னார். “புரட்டாசிச் சனிக்கு மலைல இருந்து எறங்குறப்ப என்ன பண்ணுவம் தெரியுமா? கடேசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுன்னுதான் கணக்கு. கடேசி பஸ்ஸ நம்பி நின்னா கூட்டத்துல ஏற முடியாது.” நாங்கள் நேரம் பார்க்காமல் கும்பிடுகிறவர் என்று நினைத்திருந்தவர், எத்தனை வருடமாகப் பேருந்து நேரத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே கும்பிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. “எப்ப வருவீங்க?” என்றால் வந்த கோபத்துக்கும் இதுதான் காரணமோ என்னவோ. தெரிந்த கணக்கை வீட்டில் உட்கார்ந்திருப்பவன் வந்து கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் மச்சானைத் தயிர் விடவில்லை. அந்தப் பக்கத்தில் சாலை ஓரம் நெடுக எருமைத் தயிர்க் கடைகள். மண்சட்டியில் உறைய வைத்து, மேலே தாளை மூடிக் கட்டி, அடுக்கி வைத்திருக்கிறார்கள். கரண்டியால் வெட்டினால் கட்டியாக எழும்பி வரும். அதன்மேல் கித்துள் பாணி என்ற பாகை ஊற்றித் தருவார்கள். பனங்கருப்பட்டிப் பாகில் லேசாகப் புகை ஏறின மாதிரி ருசி. பத்து நிமிடம் என்று நிறுத்தினார். அவருக்கு ஒரு சட்டி, ஓட்டுநருக்கு ஒரு சட்டி, கப்பலுக்கு ஒரு சட்டி. வெளிச் சாப்பாட்டைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. அத்தை வேனைவிட்டு இறங்கவில்லை. தான் கொண்டுவந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாதியை ஓட்டுநரின் பிள்ளைகளுக்கென்று எடுத்து முன்னிருக்கையில் வைத்தார்.

வீரவில தாண்டியதும் முன்னால் போன வண்டிகள் நின்றுவிட்டன. சாலையோரப் புதரை ஒட்டி ஒற்றை ஆண் யானை. ஆரன் அடிக்க யாருக்கும் தைரியமில்லை. அது எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாமல் புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தது. மணி ஒன்று ஐந்து. மச்சான் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று ஓட்டுநரைக் கேட்டார். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டார். செங்கோட்டைப் பக்கம் பாதையை மறித்த யானைகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் அப்போதெல்லாம் பின்னால் கப்பல் நிற்கவில்லை.

யானை ஒருவழியாக ஒதுங்கியது. துறைமுக வாயிலுக்கு வந்தபோது ஒன்றரை தாண்டிவிட்டது. பேருந்துக்கு வரிசை, பைச் சோதனை. தயிர்ச் சட்டி அங்கேயே நின்றுபோனது. காவலர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். கப்பல் ஏணியில் அட்டையைக் காட்டும்போது இரண்டாக ஏழு நிமிடம்.

மேல்தளத்தில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது. கடைசியில் ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுவது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடுகிறவர் யாருக்காக எங்கே போய்விட்டு வருகிறார் என்று கைதட்டுகிறவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் யாரோ ஒரு தம்பதியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டேகாலுக்குத் துறைமுகப் பேருந்திலிருந்து அவர்கள் இறங்கினார்கள். ஏணி இன்னும் எடுக்கவில்லை, தப்பித்தார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது, அடுத்து திருகோணமலையில் கோணேஸ்வரத்துக்கு எப்படிப் போவது என்று பேச்சு வந்தது. அங்கேயும் வேன் பேசலாம், இதில் பாதிச் செலவுதான் என்றார் மச்சான். அத்தை ரசத்தைக் கிண்ணத்தோடு குடித்துவிட்டுச் சொன்னார்: “இவங்க பஸ்ஸுலயே போவோம்ப்பா, காசு கூடக் கேட்டாலும் பரவால்ல. அப்பா கடனுக்கு நான் மணியப் பாத்தது போதும். அங்க எனக்கு ஒரு கடனும் கெடையாது, சும்மா நின்னு கும்புடணும்.” மச்சான் எழுந்து சுற்றுலாப் பதிவு மேசைக்குப் போனார். திரும்பிவந்தபோது கையில் மூன்று சீட்டு இருந்தது. கரையில் கூடவேண்டிய நேரம், காலை 8 மணி.