கிணற்றில் பங்கு

கப்பல் காங்கேசன்துறையை நெருங்கியபோது முதலில் கண்ணில் பட்டது பழைய சிமெந்து ஆலைதான். 1990க்குப் பிறகு அது இயங்கவில்லை. மேல்தளத்தில் பலர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மம்மா சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். "ஊர் பாக்கப் போறன் எண்டு கோயில் கோயிலாச் சுத்தாத. எங்கட கிணறு கிடக்கோ எண்டு மட்டும் பாத்திட்டு வா."

2023இல் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் அது. அப்பா பணி ஓய்வு பெற்றதற்காகக் குடும்பத்தோடு போனோம். காங்கேசன்துறையில் கிடைத்தது சில மணி நேரம். மற்றவர்கள் பஸ்ஸில் யாழ் நூலகம், கோட்டை, நல்லூர் என்று கிளம்பினார்கள். நான் ஆட்டோ பிடித்தேன்.

பூட்டன் இதே ஊரில் ரயிலேறி, கொழும்பில் கப்பல் மாறி, மலாயா வந்தவர். சிரம்பானில் ரயில்வே கிராணி. 1947இல் ஓய்வு பெற்று, பதினொரு வயது அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1953இல் கல்யாணமாகி அம்மம்மா மீண்டும் சிரம்பானுக்கு வந்தார். ஊரில் அவர் இருந்தது ஆறே வருடம். ஆனால் எழுபது வருடமாக அந்தக் கிணற்றைப் பற்றித்தான் பேசுகிறார்.

"நீங்கள் இந்தியாவோ?" ஆட்டோ அண்ணன் கேட்டார்.

"மலேசியா அண்ணே."

"ஓ, மலாயன் பென்சன் ஆக்கள்!" சிரித்தார். மலாயாப் பென்சன் பணத்தில் கட்டிய வீடுகள் அந்தப் பக்கம் நிறைய இருந்தனவாம். இருந்தன என்றுதான் சொன்னார்.

ஸ்கூடாயில் நான் படித்தது சிவில், இப்போது பார்ப்பது நிலத்தடி நீர் வேலை. அதனால் யாழ்ப்பாணக் கிணறுகள் எனக்குப் பாடமும்கூட. அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் கடல் மேலே ஏறிவிடும்.

மாவிட்டபுரம் தாண்டி ஒரு ஒழுங்கையில் ஆட்டோ நின்றது. எதிரே முள்கம்பி. செல்போனை எடுத்தேன். "படம் வேண்டாம் தம்பி," என்றார் அண்ணன்.

பக்கத்து வளவிலிருந்து ஓர் ஆச்சி எட்டிப் பார்த்தார். பூட்டன் பெயரைச் சொன்னேன். "அந்த வளவு கம்பிக்கு அங்காலை. 90இலை எல்லாரும் இடம்பெயர்ந்தனாங்கள். எங்கட காணியை இப்பதான் விட்டவை. வரேக்கை வீடு இல்லை, கிணறு மட்டும் கிடந்தது." செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம் கடினமான நீர், ஆனால் உப்பில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கமும் இதே நீர்தானே, நிலத்தடி நீருக்கு வேலி ஏது என்று ஒரு கணம் தோன்றியது. உடனே கூச்சமாக இருந்தது. படித்தவன் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. முப்பது வருடத்துக்கு மேல் அகதியாக இருந்துவிட்டு வந்த ஆச்சியிடம் அதைச் சொல்ல முடியுமா? செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கப்பல் நேரத்துக்கு ஓடினேன்.

கிணறு நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். 87 வயதில் இனி யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் சிரம்பான் வீட்டில் அம்மம்மா முகத்தைப் பார்த்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி குடிச்சனியோ?"

"குடிச்சேன் அம்மம்மா. பக்கத்து வளவு ஆச்சி குடுத்தாங்க."

"உப்போ?"

"இல்ல. நல்ல தண்ணி."

அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். உள்ளே காணி உறுதி. மடிப்புகள் கிழிந்திருந்தன. "இதை ஸ்கேன் பண்ணி நீ வச்சிரு," என்றார்.

அன்றிரவுதான் அதை முழுதாகப் படித்தேன். இத்தனை பரப்பு, நான்கு எல்லை, பயன்தரு மரங்கள். கடைசியில், கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு. அப்படியென்றால் அந்தக் கிணறு எங்களுடையது மட்டுமில்லை. இன்னும் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நாலு பெயர் வந்திருக்கிறது.